நாற்றம் நின்ற பிறகு

எங்கள் பள்ளியில் அழுகிய முட்டையை மோந்து பார்த்த பிள்ளை ஒன்றுகூட இருக்காது. இந்தக் காலத்தில் எந்த வீட்டில் முட்டை அழுகும்வரை தங்குகிறது? ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் மணம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். மொத்த வகுப்பும் ராகம் போட்டுச் சொல்லும்: "அழுகிய முட்டை நாற்றம், மிஸ்!" அதற்கு ஒரு மதிப்பெண். அதோடு அந்த வாயுவுக்கும் அவர்களுக்கும் உறவு முடிந்தது.

நான் மன்னார்குடியில் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். இந்த ஒப்பித்தலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் வாய்பாட்டை பஸ் நம்பர் மாதிரிப் படிக்கிறார்கள். நம்பர் தெரிந்தால் போதும், வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதே இல்லை. நானும் விடமாட்டேன். பலகையில் H₂O என்று எழுதி, அதற்குக் கீழே H₂S என்று எழுதுவேன். "பாருங்கடி, பாருங்கடா. ரெண்டுலயும் அதே ரெண்டு ஹைட்ரஜன். நடுவுல உள்ள ஆள் மட்டுந்தான் மாறியிருக்கு. அட்டவணையில ஆக்ஸிஜனுக்கு நேர் கீழ் வீடு கந்தகம். ஒரே குடும்பம். ரெண்டு பேருக்கும் ரெண்டு ரெண்டு கை. மேல் வீட்டுக்காரன் ரெண்டு ஹைட்ரஜனைப் புடிச்சா, நீங்க குடிக்கிற தண்ணி. கீழ் வீட்டுக்காரன் புடிச்சா, ஆளைக் கொல்ற விஷம்." தொண்டை வறளச் சொல்லி முடிப்பேன். முதல் பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "மிஸ், இது பரீட்சைக்கு வருமா?"

கருமம்! வேறென்ன சொல்ல?

பிள்ளைகளையாவது விட்டுவிடலாம், வயசு அப்படி. பல்லு போகிற வயசில் இருக்கிறவரை எதில் சேர்ப்பது? என் வீட்டுக்கும் பின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான். பின் வீட்டுக்காரர் என்னைப் போலவே வேதியியல் வாத்தியார். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், நகர் முழுக்க அவரை எச்.எம். சார் என்றுதான் கூப்பிடும். நான் குடிவந்த புதிதில், "நீங்களும் கெமிஸ்ட்ரியா, பேஷ் பேஷ்" என்றார். அடுத்த கேள்வி, "எந்த ஊரு?" சொன்னேன். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். அதன் பிறகு பேஷ் பேஷ் வரவில்லை. எங்கள் பக்கத்தில் தெருப் பெயரைக் கேட்டாலே மீதி எல்லாம் தெரிந்துவிடும், அதற்குத்தான் கேட்பார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாகக் கிடந்து என்னைப் படிக்க வைத்தவர்கள். அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? கேட்கிறவருக்குத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் நகர் நஞ்சையை மண்ணடித்து மேடாக்கி மனை போட்டது. நாலு நாள் மழை பிடித்தால் போதும், நிலம் தன் பழைய குணத்தைக் காட்டிவிடும். எல்லா வீட்டு செப்டிக் டேங்கும் ஊற்றுத் தண்ணீர் குடித்து வயிறு ஊதி நிற்கும். அந்த வருஷம் ஐப்பசி அடைமழை முடிந்த கையோடு பின் வீட்டில் கல்யாணம் வந்தது. எச்.எம். சாரின் ஒரே பெண்ணுக்கு. வெளியூர் சொந்தமெல்லாம் முன்னதாகவே வந்து இறங்கியாகிவிட்டது. வீடு கொள்ளாத ஜனம். டேங்க் தாங்குமா?

அந்த வாரம் லாரியைக் கூப்பிட்டு உறிஞ்ச வைத்தார்கள். லாரிக்காரர் மேலே நின்ற தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விட்டார், அடியில் இறுகிக் கிடந்த சேறு அப்படியே நின்றது. அது குழாய் வாயை அடைத்துக்கொள்ள, கழிவு மறுபடி வீட்டுக்குள் எதிர்த்துக்கொண்டது. இதற்குள் வாசலில் முகூர்த்தக்கால் நட்டு, குறுகலான தெருவை அடைத்துப் பந்தலும் போட்டாகிவிட்டது. இனி லாரி எங்கே நுழைய?

சனிக்கிழமை மத்தியானம். பள்ளியில் சிறப்பு வகுப்பு முடித்து வந்து, கொல்லையில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம்! முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். டேங்க் மூடி திறந்து கிடக்கிறது. ஓரமாக நாற்காலி போட்டு எச்.எம். சார் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கைக்குட்டை, அதில் தெளித்த சென்ட் வாசனை என் பக்கம்வரை வருகிறது. எதிரே அரை டவுசரோடு ஒரு ஆள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இடுப்பில் கயிறு. கையில் இன்னொரு கயிறு, அதன் நுனியில் எரிகிற அரிக்கேன் விளக்கு. அவரை எனக்குத் தெரியும். ஒரத்தநாடு ரோட்டில் ஒரு கிராமம். அறுப்பு இல்லாத காலத்தில் நகருக்கு வந்து கிணறு தூர் எடுப்பார். எங்கள் வீட்டு உறைக்கிணற்றிலும் இறங்கியிருக்கிறார்.

"சார், என்ன பண்றீங்க? ஆளையா எறக்கப் போறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. அடியில கொஞ்சம் சேறு. ரெண்டு பக்கெட் அள்ளிட்டா ஆச்சு."

"அது தப்பு சார். சட்டமே கூடாதுன்னு சொல்லுது. லாரியத் திரும்பக் கூப்பிடுங்க."

"எப்படிம்மா வரும்? முகூர்த்தக்கால் நட்டாச்சு. நட்ட காலைப் புடுங்கலாமா? பொண்ணு கல்யாணம்! நல்லது கெட்டது பாக்க வேணாமா?"

மஞ்சள் பூசி மாவிலை கட்டிய ஒரு மூங்கிலைப் பிடுங்கினால் அபசகுனமாம். உயிரோடிருக்கிற ஒரு மனுஷனை மலக்குழிக்குள் இறக்கினால் அது சகுனத்தில் சேராதாம். தூ! டேங்கிலிருந்து வந்த நாற்றம் எனக்குப் பழகிவிடும் போலிருந்தது. இது பழகவில்லை.

"உள்ள வாயு நிக்கும் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கிட்டயேவா? ஹைட்ரஜன் சல்பைடு. எச் டூ எஸ். நிறமற்றது, அழுகிய முட்டை நாற்றமுடையது, காற்றைவிடக் கனமானது. நான் நடத்தாத பாடமாம்மா?" கண்ணை மூடிக்கொண்டு, பலகைக்கு முன்னால் நிற்கிற தோரணையில் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து, "காலையிலேயே மூடியத் தொறந்து போட்டாச்சு. அப்ப நாறுச்சு, ஒத்துக்கிறேன். இப்ப மோந்து பாருங்க, நாத்தமே இல்ல. வாயு எல்லாம் மேல போயிடுச்சு."

காற்றைவிடக் கனமானது என்று அவர் வாயால்தான் சொன்னார். எச்சில் காய்வதற்குள் அது மேலே போய்விட்டது என்றும் அவரே சொல்கிறார். கனமானது எப்படி ஐயா மேலே ஏறும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவாவிட்டால்கூடப் பரவாயில்லை. இந்தச் சுரைக்காய் ஆளைக் கொல்லப் பார்த்தது.

"எனக்கு நாறுதே சார்! வயித்தப் பொரட்டுது!"

"நீங்க இப்பத்தான வந்தீங்க," என்றார். அதில் உள்ள விஷயம் அவருக்கே எட்டவில்லை.

நான் பேச்சை விட்டு அந்த ஆளைக் கூப்பிட்டேன். "அண்ணே, எறங்காதீங்க. சொன்னாக் கேளுங்க."

அவர் நிதானமாகக் கயிற்றை விட்டு விளக்கைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் பயமில்லீங்க டீச்சர். நான் வெளக்கு எறக்காம எங்கயும் எறங்க மாட்டேன். எந்தம்பி அப்படி எறங்கித்தான் செத்தான். வெளியூர்ல ஒரு லாட்ஜுல, இதே மாதிரி டேங்கு. அவசரத்துல வெளக்கு எறக்காம விட்டுட்டோம். நாந்தான் மேல கயிறு புடிச்சிருந்தேன்." விளக்கை எட்டிப் பார்த்தார். "தோ, நின்னு எரியுது பாருங்க. காத்து நல்லாருக்கு."

கிணற்றுக்கு அது சரி. காற்று கெட்ட கிணற்றில் விளக்கு அணைந்து போகும், ஆள் தப்பிப்பார். எங்கள் பக்கத்துக் கிணற்று ஆட்கள் அத்தனை பேரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மலக்குழிக்குள் இறக்குகிறாரே மனுஷன்! அதுவும் தம்பியைக் கொடுத்த பிறகு, அதி ஜாக்கிரதையாக.

துணி துவைக்கிற கல்லில் ஏறி மதிலைத் தாண்டினேன். புடவை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. கிழியட்டும். நேராகப் போய் விளக்குக் கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கி மேலே இழுத்து, தூரமாகக் கொண்டுபோய் ஊதி அணைத்தேன். திரும்பி வந்து, ஃபைபர் மூடியைக் காலால் தள்ளிக் குழியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆமாம், மலக்குழி மூடிமேல்தான். ஜன்னல் ஜன்னலாகக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு அம்மா, "ஐயையே, யாருடி இது?" என்றது காதில் விழுந்தது.

"என்னம்மா இது அசிங்கம்? எழுந்திரிங்க," என்றார் எச்.எம். சார்.

"அசிங்கத்த நீங்க பேசாதீங்க சார்," என்றேன். பிறகு அந்த ஆளைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணே, வெளக்குக்கு ஒரே ஒரு வாயுதான் தெரியும். ஆக்ஸிஜன் இருக்கா இல்லையா, அது மட்டுந்தான் அதுக்குக் கணக்கு. இருந்தா எரியும். ஒரு மூட்டை அரிசியில ஒரு பிடி எலி மருந்தக் கலந்துட்டா, மூட்டை கொறைஞ்சா போயிடும்? பாத்தா அரிசியாத்தான் இருக்கும். இந்த வாயுவும் அப்படித்தான். கொஞ்சமா இருந்தாலே ஆளை அடிச்சிடும். வெளக்கு பாட்டுக்கு எரிஞ்சுகிட்டே நிக்கும். இன்னொரு வாயுவும் உள்ள உண்டு, அது தானே தீப்புடிச்சு எரியறது. நீங்க வெளக்க எறக்குனது அடுப்புல பெட்ரோல் ஊத்துன மாதிரி."

அவர் எச்.எம். சாரைப் பார்த்தார். படித்தவர் இரண்டு பேர், இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவார்? அவருக்கு வீட்டில் உலை கொதிக்க வேண்டும், இந்த வேலைக்காகக் காலையிலிருந்து காத்திருக்கிறார். "காலையில நாறுச்சுதாங்க," என்றார் இழுத்து. "இப்ப இல்லீங்களே டீச்சர். எனக்கும் ஒண்ணும் தெரியல."

"அதாண்ணே மோசம்! அந்த வாயு மொதல்ல அழுகுன முட்டை மாதிரி நாறும். ரொம்ப நேரம் பக்கத்துலயே இருந்தாலும், அளவு ஏறுனாலும் மூக்கையே சாகடிச்சிடும். அப்புறம் நாத்தமே தெரியாது. நாத்தம் போச்சுன்னு நாம நெனைப்போம். போனது நாத்தம் இல்ல, மூக்கு. உள்ள எறங்கிச் சேத்தக் கிண்டுனா அது குபுகுபுன்னு வரும், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"என்ன சொன்னீங்க?" என்றார் அவர்.

"நாத்தம் போயிடுச்சுன்னா வாயு போயிடுச்சுன்னு அர்த்தமில்லைன்னு சொன்னேன்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த தென்னை மரத்தடியில் போய்க் குந்திவிட்டார். அங்கேயே இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். "நான் எறங்கலீங்க ஐயா."

எச்.எம். சாருக்குக் கோபம் வந்துவிட்டது, என்மேல்தான். எழுந்து என் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பெரிய மனுஷத்தனமாகக் கேட்டார்: "நீங்க எதுக்கும்மா இப்படித் துடிக்கிறீங்க? உங்க ஆளா?"

சீ! எத்தனையோ நாற்றத்தை முகர்ந்திருக்கிறேன். ஆய்வகத்தில் உடைந்த பாட்டில்கள், மழைக்கால மாட்டுக் கொட்டகை, முத்துப்பேட்டைச் சந்தையில் வெயிலில் கிடந்த மீன். அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் மல்லிகைப்பூ. இத்தனைக்கும் இவர் பாடம் நடத்திய பிள்ளைகளில் எத்தனை பேர் டாக்டர், எத்தனை பேர் என்ஜினியர் என்று மேடையில் சொல்லிப் பெருமைப்படுகிறவர். ஒரு மூலக்கூறுக்குள் எந்த அணு எத்தனை என்று எண்ணிக் காட்டியவருக்கு, எதிரே நிற்கிற ஆளுக்குள்ளும் அதே கார்பன், அதே ஆக்ஸிஜன்தான் என்று தெரியாதா? தெரியும். கேட்டால் சதவீதத்தோடு சொல்வார்.

"ஆமா சார், எங்க ஆளுதான்," என்றேன். "நீங்க எங்க ஆளு இல்ல. அதுவரைக்கும் சந்தோஷம்."

"இவன் இல்லேன்னா வேற ஆள் வராமலா போயிடுவான்? நான் போன் பண்ணிக்கிறேன்," என்று பாக்கெட்டைத் தடவினார்.

அதுதான் எனக்கும் பயம். இவரை நிறுத்தினால் இன்னொருவரைக் கொண்டுவருவார். நான் எத்தனை நேரம் மூடிமேல் உட்கார்ந்திருக்க முடியும்? போலீஸ் என்றால் வந்து சேர்வதற்குள் எவனாவது இறங்கியிருப்பான். அப்போதுதான் எனக்கு என் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. என் வாசல் அடுத்த தெருவில். அங்கே லாரி வரும். "சார், லாரிய என் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லுங்க. ஹோஸ என் வீட்டுக்குள்ள விட்டு, கொல்லை வழியா மதில் மேல எடுத்துப் போடட்டும். சேத்துல தண்ணி பாய்ச்சி, மூங்கிலால மேலேர்ந்தே கலக்கி உறிஞ்சட்டும். உங்க முகூர்த்தக்கால் ஆடாம அசையாம நிக்கும்."

ஒரு பேச்சுக்காவது "உங்க வீடு நாறிப்போகுமேம்மா" என்று சொல்வார் என்று பார்த்தேன். "அப்படிப் பண்ணிட்டாப் போச்சு!" என்றார். முகமெல்லாம் பல். அவர் வீட்டுக் கழிவு என் கூடத்தின் வழியாகப் போவதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

லாரி வந்தது. மலைப்பாம்பு கனத்தில் ஒரு ஹோஸ் என் வாசற்படி ஏறி, கூடத்தைத் தாண்டி, சமையல்கட்டில் அரிசி டின்னை உரசிக்கொண்டு கொல்லைக்குப் போனது. அந்த ஆளும் லாரி உதவியாளும் மதிலுக்கு அந்தப் பக்கம் காற்று வாட்டம் பார்த்துத் தள்ளி நின்று, நீள மூங்கிலால் கலக்கினார்கள். மோட்டார் போட்டதும் ஹோஸ் உயிர் வந்த மாதிரி துள்ளியது. இணைப்பு ஒன்று என் சமையல்கட்டு நடுவில் கசிந்தது. நான் சாக்கைப் போட்டு மூடினேன், வாந்தி எடுத்தேன், மறுபடி சாக்கைப் போட்டேன். கசிந்துகொண்டே இருந்தது, நானும் திட்டிக்கொண்டே இருந்தேன். யாரை என்று கேட்காதீர்கள்.

எல்லாம் முடிந்து குழாய் திறந்துகொண்டதும் எச்.எம். சார் மதிலோரம் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. நீங்கதான் வீணாப் பயந்து, கல்யாண வீட்டுல கூட்டம் கூட்டிட்டீங்க." ஆள் இறங்கவில்லை, அதனால் ஆள் சாகவில்லை. ஆள் சாகாததால் ஆபத்தே இல்லை. எப்படி இருக்கிறது தர்க்கம்? உள்ளே போய்விட்டேன்.

அந்த ஆள் என் கொல்லைக் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கண்ணே."

"அந்த வாயு அடிக்கிறப்ப, உள்ள இருக்கிறவனுக்குத் தெரியுங்களா? நம்மள அடிக்குதுன்னு."

அவர் தம்பியைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. "வேகமா ஏறுச்சுன்னா தெரியாதுண்ணே. பொத்துன்னு விழுந்துடுவாங்க."

"தெரிஞ்சிருக்காது," என்று அவரும் தலையாட்டினார். "தெரிஞ்சிருக்காதுங்க. எறங்குனப்ப, நாத்தம் தாங்கலண்ணே தாங்கலண்ணேன்னு கத்துனான். நான் மேலேர்ந்து, பல்லக் கடிச்சுக்கடா பழகிடும்னேன். கொஞ்ச நேரத்துல அண்ணாந்து பாத்துச் சிரிச்சான். 'நாத்தமே இல்லண்ணே, சுத்தமாப் போயிடுச்சு, நீயும் எறங்கு'ன்னான். எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு டீச்சர். அப்பாடா, போயிடுச்சுன்னு." காபி டம்ளரை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். "வெளக்கு எறக்காததாலதான் போயிட்டான்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அழுகிய முட்டை நாற்றம், ஒரு மதிப்பெண். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்டதில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வரேங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சந்து வழியாகத் தெருவுக்குப் போனார்.

டம்ளரை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். அரிக்கேன் விளக்கு, துடைத்துச் சுத்தமாக, குழாயடியில் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தெருமுனை திரும்பப் போகிறார்.

"அண்ணே! வெளக்க மறந்துட்டீங்க!"

அவர் நின்றார், ஆனால் திரும்பவில்லை.

"மறக்கலீங்க டீச்சர்," என்றார்.